கேள்வி போய்ச் சேராதவர்கள்

நாகூரைத் தாண்டிக் காரைக்கால் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் மாநிலம் மாறிவிடுகிறது. மாறியதை முதலில் சொல்பவை மதுக்கடைப் பலகைகள். அடுத்து வண்டிகளின் நம்பர் பிளேட்டுகள்: டி.என். 51 குறைந்து பி.ஒய். 02 கூடுகிறது. வாஞ்சூர் வந்துவிட்டது, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன் கடலோரத்தில் இருக்கும் கீழவாஞ்சூரில்தான் காரைக்கால் துறைமுகம். 2009-ல் மார்க் குழுமம் தொடங்கிய இந்தத் துறைமுகத்தை, திவால் நடைமுறையின் முடிவில், 2023-ல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி நிறுவனம் வாங்கியது. கைமாறியபோது இருந்தவை ஐந்து கப்பல் தளங்கள். ஆண்டுக்கு 2 கோடியே 15 லட்சம் டன் சரக்கைக் கையாளும் திறன். சுற்றுவட்டாரத்திலேயே ரசாயன ஆலை, திருமலைராயன்பட்டினத்து எரிவாயு மின்நிலையம், ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் என்று வேலை தரும் இடங்கள் இருக்கின்றன. நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர் இந்தப் பக்கம் வேலைக்கு வருவதும், காரைக்கால்காரர் அந்தப் பக்கம் போவதும் இங்கே செய்தியே இல்லை.

ஊர் மக்களுக்குச் சிக்கலில்லாத இந்த எல்லை, ஆளெடுக்கும் மென்பொருளுக்குச் சிக்கல். கீழவாஞ்சூர் எந்த மாநிலம், எந்த வட்டாரம், எந்தப் பின்கோடு என்று அதற்கு யாரோ ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லும் இடத்துக்கு ஃபில்டர் என்று பெயர். வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் தானாகக் கருத்துக் கேட்கும் வசதி இப்போது பல ஆளெடுப்பு மென்பொருள்களில் இருக்கிறது. யாரிடம் கேட்பது, யாரை விடுவது என்பதை இந்த ஃபில்டர்தான் முடிவு செய்கிறது.

இங்கே இரண்டு வகைக் கேள்வித்தாள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகையை வேலை தேடிய எல்லோரும் பார்த்திருப்பார்கள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், இப்போதைய சம்பளம் என்ன, வெளியூரில் தங்கி வேலை செய்யச் சம்மதமா என்று விண்ணப்பத்தோடு வருபவை. இங்கே பதில் ஆளை வடிகட்டுகிறது. இரண்டாவது வகை, வேலை கிடைத்தோ கிடைக்காமலோ எல்லாம் முடிந்த பிறகு வருவது. ‘எங்கள் இன்டர்வியூ எப்படி இருந்தது? உங்கள் நண்பருக்கு எங்கள் நிறுவனத்தைச் சொல்வீர்களா?’ என்று கேட்பது. இதில் கேள்வி புறப்படுவதற்கு முன்பே ஆள் வடிகட்டப்பட்டு விடுகிறார். முதல் வகையில் விழுந்தவருக்குக் குறைந்தபட்சம் தான் விழுந்தது தெரியும். இரண்டாவதில் தன்னிடம் கேட்கவில்லை என்பதே தெரியாது.

வேலை கொடுக்காதவரிடம் போய் எதற்குக் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு முதலாளிக்குத் தோன்றலாம். பிரிட்டனின் விர்ஜின் மீடியா நிறுவனம் போட்டுப் பார்த்த கணக்கு இதற்குப் பதில் சொல்கிறது. வீடுகளுக்கு இணைய, தொலைக்காட்சி இணைப்புத் தரும் நிறுவனம் அது. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பதாரர்களிடம் கேட்டபோது, அவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் ஏற்கெனவே தங்கள் வாடிக்கையாளர்கள் என்று தெரிந்தது. நடத்தப்பட்ட விதம் பிடிக்காமல் இணைப்பைத் துண்டித்துக்கொண்டவர்களைக் கணக்கெடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 7,500 பேர். இழப்பு 44 லட்சம் பவுண்டு. பிறகுதான் இன்டர்வியூ நடத்துபவர்களுக்குப் பயிற்சி, வந்தவர்களுக்குப் பதில் அனுப்பும் ஒழுங்கு எல்லாம் வந்தன. காரைக்கால் போன்ற சின்ன இடத்தில் இது வேறு மாதிரி வேலை செய்யும். 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகையே இரண்டு லட்சத்துச் சொச்சம். ஒருவரைக் காலையில் வரச்சொல்லி மாலைவரை வெயிலில் உட்காரவைத்து அனுப்பினால், மறுநாள் டீக்கடையில் அது பேச்சாகிவிடும். அடுத்த தடவை நல்ல வெல்டர் விண்ணப்பிக்க மாட்டார்.

மென்பொருளில் இதை அமைக்கும் முறை பெரிய வித்தை இல்லை. சென்னையில் பிறந்த ஜோஹோவின் ரெக்ரூட் ஆகட்டும், வெளிநாட்டு மென்பொருள்கள் ஆகட்டும், அடிப்படை ஒன்றுதான். முதலில் ஒரு நிகழ்வு வேண்டும்: விண்ணப்பதாரரின் நிலை ‘நிராகரிக்கப்பட்டது’ என்றோ ‘சேர்ந்துவிட்டார்’ என்றோ மாறுவது. அடுத்தது இடைவெளி. நிராகரித்த கையோடு ‘எங்களுக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்’ என்று கேட்டால் வெந்த புண்ணில் வேல்தான். சில நாள் விட்டு அனுப்புவது வழக்கம். அதன் பிறகு நிபந்தனைகள்: எந்தப் பதவி, எந்தக் கிளை, எந்தக் கட்டம் வரை வந்தவர், அண்மையில் ஏற்கெனவே ஒரு தடவை கேட்கப்பட்டவரா, தானே விலகிக்கொண்டவரா. நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினால் மின்னஞ்சல் போகும். பொருந்தாவிட்டால் ஒன்றும் நடக்காது. கோளாறு முழுக்க இந்த ‘ஒன்றும் நடக்காது’ என்ற இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. தப்பான ஆளுக்குக் கேள்வி போனால் அவர் திட்டியாவது பதில் எழுதுவார். போகவேண்டியவருக்குப் போகாவிட்டால் எந்தத் திரையிலும் சிவப்பு விளக்கு எரியாது.

ஒரு பேச்சுக்கு, கீழவாஞ்சூரில் சரக்கு ஏற்றி இறக்கும் நிறுவனம் ஒன்று. அதன் தலைமை அலுவலகம் வேறொரு பெருநகரத்தில் என்று வைத்துக்கொள்வோம். அங்கே உட்கார்ந்திருக்கும் எச்.ஆர். ஊழியர், ‘உள்ளூர் விண்ணப்பதாரர்களின் கருத்தை மட்டும் தனியாகப் பார்க்கவேண்டும்’ என்று மாநிலம் என்ற கட்டத்தில் புதுச்சேரியைத் தேர்ந்தெடுக்கிறார். துறைமுகம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில்தானே இருக்கிறது, நியாயம்தான். ஆனால் நடந்தே வரக்கூடிய தொலைவில் இருக்கும் நாகூர்க்காரர் தமிழ்நாடு என்பதால் கழன்றுவிடுகிறார். அரபிக்கடலோரத்து மாஹேயிலிருந்தும், கோதாவரிக் கரை ஏனாமிலிருந்தும் யாராவது விண்ணப்பித்திருந்தால் அவர் ‘உள்ளூர்’ ஆகிவிடுகிறார். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சட்டப்படி ஒரே பிரதேசம். பூகோளப்படி மூன்று வெவ்வேறு மாநிலங்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவை.

சரி, தூரத்தை வைத்து வடிகட்டலாமே? ‘புதுச்சேரியிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்’ என்று ஒருவர் அமைத்தால் காரைக்கால் மாவட்டமே வெளியே நிற்கும். புதுச்சேரி நகரம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். பின்கோடும் கைகொடுக்காது. புதுச்சேரி நகரத்துப் பின்கோடு 605-ல் தொடங்குகிறது. காரைக்காலுடையது 609, அதே 609 தமிழ்நாட்டு மயிலாடுதுறைப் பக்கத்துக்கும் உண்டு. மாஹே கேரளத்தோடு சேர்ந்து 673, ஏனாம் ஆந்திரத்தோடு சேர்ந்து 533. நாகூர் 611. தபால்துறை தன் வசதிக்குப் பிரித்த எண்கள் எல்லா இடத்திலும் அரசியல் எல்லையைப் பின்பற்றுவதில்லை. இந்த ஊருக்குச் சரியான ஃபில்டர் என்பது 609, 611 இரண்டில் தொடங்கும் எண்களை மாநிலம் பார்க்காமல் சேர்த்துக்கொள்வது. அதைவிட நல்லது, துறைமுகத்தையே நடுப்புள்ளியாக வைத்துத் தூரத்தை அளப்பது. உள்ளூர் ஆள் ஒருவரிடம் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பெயர்களில் இன்னொரு வம்பு. பாண்டிச்சேரி, புதுச்சேரி என்று மாறியது 2006 அக்டோபரில். பழைய சான்றிதழ்களில் பழைய பெயர். பல்கலைக்கழகம் இன்றும் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம்தான். காரைக்காலையும் வாஞ்சூரையும் ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஃபில்டரில் ‘இதற்குச் சமம்’ என்று போட்டால் ஓர் எழுத்து மாறினாலும் ஆள் வெளியே. தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பதே இதற்கு மருந்து. அந்தப் பட்டியலில் இரண்டு பெயர்களும் தனித்தனியாக இருந்துவிட்டால் மருந்தும் வீண். செல்போன் எண்ணிலும் வம்பு உண்டு. பிரெஞ்சு ஆட்சி 1954-ல் முடிந்த ஊர் இது. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. செல்போன் எண் 91-ல் தொடங்கவேண்டும் என்று விதி வைத்தால், பாரிஸில் இருக்கும் அண்ணனிடம் தங்கியபடி 33-ல் தொடங்கும் எண்ணோடு விண்ணப்பித்த காரைக்கால் பையனுக்குக் கேள்வி போகாது.

நிரப்பாமல் விட்ட கட்டங்கள் இதைவிட வில்லங்கமானவை. ‘மாநிலம் கேரளம் அல்ல’ என்று ஒரு நிபந்தனை. மாநிலத்தையே நிரப்பாத ஒருவர் இதில் அடங்குவாரா? மனித மூளை ‘கேரளம் என்று சொல்லவில்லையே, அதனால் அடங்குவார்’ என்கிறது. தரவுத்தளங்களில் பெரும்பாலும் புழங்கும் எஸ்.கியூ.எல். மொழியின் கணக்கே வேறு. வெற்றுக் கட்டம் அதற்கு எதற்கும் சமமும் இல்லை, சமமில்லாததும் இல்லை. ‘தெரியாது’ என்று தனி ரகம். தெரியாதவரை அது பட்டியலில் சேர்க்காது. சில மென்பொருள்கள் இதைச் சரிசெய்து வைத்திருக்கும், சில வைத்திருக்காது. செல்போனில் அவசரமாக விண்ணப்பித்து, கட்டாயமில்லாத கட்டங்களைத் தாண்டிப் போகிறவர்கள் யார் என்று யோசித்தால், இந்தச் சின்னத் தொழில்நுட்ப விஷயம் யாரை வெளியே தள்ளுகிறது என்று புரியும்.

‘மற்றும்’, ‘அல்லது’ என்ற இரண்டு சொற்களும் அப்படித்தான். ‘புதுச்சேரி அல்லது தமிழ்நாடு மற்றும் இன்டர்வியூ முடித்தவர்’ என்று எழுதினால், கணினிகளின் வழக்கப்படி ‘மற்றும்’ முதலில் ஒட்டிக்கொள்ளும். விளைவு: தமிழ்நாட்டுக்காரர் இன்டர்வியூ முடித்திருக்கவேண்டும், புதுச்சேரிக்காரர் விண்ணப்பம் போட்டிருந்தாலே போதும். கதவுக்குள் கால்வைக்காதவரிடம் ‘இன்டர்வியூ எப்படி இருந்தது’ என்று கேள்வி போய் நிற்கும். அடைப்புக்குறி ஒன்று இதைத் தீர்க்கும். ஜோஹோ மாதிரியான மென்பொருள்களில் நிபந்தனைகளுக்கு எண் கொடுத்து, எது எதோடு சேரவேண்டும் என்று அடைப்புக்குறி போட்டுக் காட்டும் வசதியும் உண்டு.

இதுவரை சொன்னவை தெரியாமல் நடக்கும் தவறுகள். தெரிந்தே செய்யப்படுவதும் உண்டு. இந்தக் கருத்துக்கேட்பில் பரவலாகப் பயன்படும் அளவுகோலை 2003-ல் ஃபிரெட் ரைக்கல்ட் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிப் பிரபலமாக்கினார். பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண். ஒன்பதும் பத்தும் தந்தவர்களின் சதவீதத்திலிருந்து ஆறும் அதற்குக் கீழும் தந்தவர்களின் சதவீதத்தைக் கழிக்கவேண்டும். ஏழும் எட்டும் இரண்டு பக்கத்திலும் சேராது, மொத்த எண்ணிக்கையில் மட்டும் வரும். ஓர் ஆளெடுப்பில் ஐம்பது பேர் இன்டர்வியூ முடித்ததாக வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கு வேலை கிடைத்தது. சந்தோஷத்தில் பத்துப் பேரும் ஒன்பதோ பத்தோ தருகிறார்கள். கிடைக்காத நாற்பது பேரில் பத்துப் பேர் பெருந்தன்மையாக ஒன்பது, பத்துப் பேர் எட்டு, இருபது பேர் ஆறுக்குக் கீழ். ஃபில்டரில் ‘சேர்ந்தவர்கள் மட்டும்’ என்று ஒரு டிக் போட்டால் மதிப்பெண் 100. டிக்கை எடுத்துவிட்டால் ஐம்பது பேரில் இருபது பேர் ஆதரவு, இருபது பேர் எதிர்ப்பு, மதிப்பெண் 0. அதே மாதம், அதே ஆட்கள். மேலதிகாரிக்குப் போகும் அறிக்கையில் 100 என்றுதான் இருக்கும். டிக் போட்டதை அறிக்கை சொல்லாது. கருத்துக்கேட்பு அறிக்கை எதைப் படித்தாலும் முதலில் பார்க்கவேண்டியது மதிப்பெண்ணை அல்ல, கேட்கப்பட்டவர் யார் என்ற வரியை. அந்த வரி இல்லாத அறிக்கையை மடித்து வைத்துவிடலாம்.

கூகுள் இதில் நேர்மாறாக நடந்துகொண்டது. அங்கே பல ஆண்டுகள் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2015-ல் வெளியிட்ட புத்தகத்தில், இன்டர்வியூவில் தோற்றவர்களிடமும் கேட்டதைச் சொல்கிறார். தோற்றவர்களில் நூற்றுக்கு எண்பது பேர், நண்பர்களை இங்கே விண்ணப்பிக்கச் சொல்வோம் என்றார்களாம். கூகுளின் பெயருக்கே பாதி மதிப்பெண் போயிருக்கும் என்று சந்தேகப்படலாம். ஆனால் தோற்றவரிடம் கேட்காமல் அந்தச் சந்தேகத்தைக்கூட எழுப்ப முடியாது.

முதல் வகைக் கேள்வித்தாள், அதாவது பதிலை வைத்து ஆளைத் தள்ளும் வகை, நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஐடியூட்டர்குரூப் என்ற இணையவழிக் கற்பித்தல் நிறுவனங்களின் மென்பொருள், 55 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களையும் 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களையும் தானாகவே நிராகரித்தது என்று அமெரிக்க அரசின் சமவேலைவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட்டது. மாட்டிய விதம் சுவாரசியமானது: நிராகரிக்கப்பட்ட ஒருவர், மற்றதெல்லாம் அப்படியே வைத்துப் வயது குறையும்படி பிறந்த தேதியை மட்டும் மாற்றி மறுபடி விண்ணப்பித்தார், இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. 2023-ல் 3,65,000 டாலர் தந்து நிறுவனம் சமரசமாயிற்று. கெட்ட எண்ணம் இல்லாமலும் இதே விளைவு வரும். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வுக்காக அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவன நிர்வாகிகளிடம் கேட்டபோது, அவர்களில் 88 சதவீதம் பேர், தகுதியுள்ள ஆட்களையும் மென்பொருள் தள்ளிவிடுகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலே கழித்துக்கட்டும் விதியைப் பாதி நிறுவனங்கள் போல வைத்திருந்தன. பிள்ளைப்பேற்றுக்கு விடுப்பெடுத்த பெண், வளைகுடா ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி அடுத்த விசாவுக்குக் காத்திருக்கும் ஃபிட்டர் இருவருக்கும் அந்த ஆறு மாதம் எளிதில் தாண்டிவிடும். நாகூரிலும் காரைக்காலிலும் வளைகுடா போய்வந்தவர் இல்லாத தெரு அபூர்வம்.

ஃபில்டர் சரியாக இருந்தும் கேள்வி போகாத வழிகள் வேறு இருக்கின்றன. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பிக்கும்போது, மின்னஞ்சல் இல்லாதவருக்குக் கடைக்காரர் தன்னுடையதையே போட்டுவிடுவதுண்டு. ‘ஒரே முகவரிக்கு ஒரு தடவைதான்’ என்ற விதி அங்கே நான்கு பேரை ஒருவராக்கிவிடும்.  குறுஞ்செய்தியில் கேட்கலாம் என்றால், தொலைத்தொடர்பு ஆணையத்தின் 2018 விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். தமிழ் என்றால் 70 தான், அதுவும் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். செலவு கூடுகிறது என்று ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடுகிறார்கள். கிரேன் ஓட்டுநர் அதை விளம்பரம் என்று அழித்துவிடுகிறார். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்கிறது. தமிழ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அறிவிப்பைத் தமிழில் தரத்தான் போகிறோம் என்றால் கேள்வியையும் தமிழில் தருவதில் கூடுதல் சிரமம் எதுவுமில்லை.

பெயர் சொல்லாமல் பதிலளிக்கலாம் என்ற வாக்குறுதியும் ஃபில்டரில் உடையக்கூடியது. கிரேன் இயக்கும் பணி, பெண், மார்ச் மாதம் என்று மூன்று ஃபில்டர் சேர்த்தால் மிஞ்சுவது ஒரே ஒரு பதிலாக இருக்கலாம். பெயர் இல்லை, ஆனால் யார் என்று அலுவலகம் முழுவதற்கும் தெரியும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே பதில்கள் இருந்தால் காட்டாதே என்று அமைக்கும் வசதி இதற்காகத்தான். சின்ன ஊர்க் கிளைகளில் அந்த எண்ணிக்கையைத் தளர்த்தச் சொல்லி மேலாளர்கள் கேட்பார்கள், தளர்த்தக்கூடாது. மாதக் கணக்கை விட்டு அரையாண்டுக் கணக்காகச் சேர்த்துப் பார்த்தால் ஆளைக் காட்டிக்கொடுக்காமலேயே விஷயம் தெரிந்துவிடும்.

மென்பொருளுக்கு எட்டாத கூட்டம் ஒன்றும் இருக்கிறது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் நிறைய வேலைகள் ஒப்பந்தக்காரர் வழியாக நடப்பவை. ‘நாளைக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வந்துருப்பா’ என்ற ஒரு போன் அழைப்பில் முடியும் ஆளெடுப்பில் விண்ணப்பமும் இல்லை, நிராகரிப்பும் இல்லை. ‘எங்கள் விண்ணப்பதாரர்கள் திருப்தியாக இருக்கிறார்கள்’ என்ற வாக்கியத்தை அந்த அளவுக்குள் வைத்துத்தான் படிக்கவேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் ஃபில்டரை ஓடவிடும் முன் ஒரு காரியம் செய்கிறார்கள். ஐந்தாறு பொய் விண்ணப்பங்களைத் தாங்களே உருவாக்கிவிடுகிறார்கள்: நாகூர் முகவரியோடு ஒன்று, மாநிலத்தை நிரப்பாமல் ஒன்று, பாண்டிச்சேரி என்ற பழைய பெயரோடு ஒன்று, மாஹே முகவரியோடு ஒன்று, இன்டர்வியூவுக்கு வராமலே போனவர் ஒருவர். யார் யாருக்குக் கேள்வி போகவேண்டும் என்று முதலில் தாளில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு மென்பொருளை ஓட்டிப் பார்ப்பது. ஓடத் தொடங்கிய பிறகும், மாதம் ஒரு தடவை, கேள்வி போனவர்களின் பட்டியலை விட்டுவிட்டுப் போகாதவர்களின் பட்டியலை எடுத்து இருபது பெயர்களை வாசிப்பது. பல மென்பொருள்களில் அந்தப் பட்டியலுக்குப் பொத்தான் கிடையாது. அதே நிபந்தனைகளைத் தலைகீழாகப் போட்டு எடுக்கவேண்டும், வெற்றுக் கட்டங்களைத் தனியாகச் சேர்க்கவும் வேண்டும்.

காரைக்காலில் ஃபில்டரை அவ்வப்போது புதுப்பிக்க இன்னொரு காரணம் வந்திருக்கிறது. புதுச்சேரிக்கென்று தனிப் பள்ளிக்கல்வி வாரியம் இல்லை. புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தினுடையதையும், ஏனாம் ஆந்திரத்தினுடையதையும் பின்பற்றி வந்தன. இப்போது அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியிருக்கின்றன. ‘தமிழ்நாடு வாரியம்’ என்பதை உள்ளூர்க்காரருக்கு அடையாளமாக வைத்து எங்காவது ஒரு ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தால், திருமலைராயன்பட்டினத்து அரசுப் பள்ளியில் படித்து வெளிவரும் பிள்ளைகள் அதில் அகப்பட மாட்டார்கள்.